சரிசாரின் ஆட்சேபணை

பெற்றோர் ஆசையாகத் தேடிப்பிடித்து வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுகிற மனிதர் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சரிசார்தான். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "விலையைக் கொஞ்சம் குறைங்க" என்றால் சரி. "போன வருஷம் வாங்கினது, ஃபிரேம் பிடிக்கலை, மாத்திக் குடுங்க" என்றால் அதற்கும் சரி. அப்படியும் கடை ஓடிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கண் மங்கல் என்பதுதான்.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய கால் அவளுடையது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகாது. வீட்டில் யாராவது அவளுக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பேச்சும் நின்றுவிடும். தெருவில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். அவள் காதில் விழாத தூரத்தில்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஒரே மனையில் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். இடது பக்கம் சரிசார். வலது பக்கம் அவர் தம்பி. தம்பி பேக்கரிக்காரர், விடியுமுன் போய் மதியம் திரும்பி, சாயங்காலம் வரை குறட்டை விடுகிறவர். தம்பி மனைவி கால்நடை மருத்துவர். டாக்டரம்மா என்று தெருவே மரியாதையாகக் கூப்பிட்டது. பிரேக்கம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள், மரியாதையை மட்டும் கழித்துவிட்டு. ஆஸ்பத்திரியில் இடம் போதாத நோயாளிகளை டாக்டரம்மா வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள் என்பதுதான் தகராறு. இரண்டு வீட்டுக்கும் கேட் ஒன்று, வண்டிப்பாதை ஒன்று. அந்தப் பாதையில் டிரைவிங் ஸ்கூல் கார்கள் மூன்று நிற்கும். கார்களுக்கு நடுவே காலில் கட்டுப்போட்ட ஆடோ, கண்ணில் மருந்துவிட்ட நாயோ உலாத்தும்.

அந்த வாரத்து நோயாளி ஒரு பெரிய வெள்ளை வாத்து. இறக்கையில் கட்டு, மனசில் ஆத்திரம். கார் பழக வந்த பல் வைத்தியர் ஒருவர், இன்ஜினை ஓடவிட்டு, கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே இருந்த காலை வாத்து கவ்வியது. உள்ளே இருந்த கால் ஆக்சிலரேட்டரை மிதித்தது. கார் நேராகப் போய்க் கேட் தூணில் முட்டி நின்றது. தூண் யோசித்து யோசித்து, கடைசியில் சாய்ந்தது.

"உன் வாத்தாலதான்!" என்று ஒரு பக்கத்துச் சத்தம்.

"உங்க காராலதான்!" என்று மறுபக்கத்துச் சத்தம்.

பல் வைத்தியர் நொண்டிக்கொண்டே போனவர் திரும்பி வரவேயில்லை.

அன்று சாயங்காலம் நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பிரேக்கம்மாவும் டாக்டரம்மாவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "பிரிச்சிடலாம்." அந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. தம்பி கொட்டாவியோடு தலையாட்டினார். சரிசார் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே.

மனையை இரண்டாகப் பிரிப்பதென்றால் நினைத்த மாத்திரத்தில் கோடு போட்டுவிட முடியாது, நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். ஓரகத்திகள் இருவரும் போனார்கள். அங்கிருந்த அதிகாரி கொண்டையில் பென்சில் செருகிய ஒரு பெண்மணி. வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ரோட்டைப் பார்த்த பக்கம் உங்க இடம் நாற்பத்தொன்பது அடி. பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் இருபத்தஞ்சு இருக்கணும். ஒரு அடி குறையுது."

"ஒரு அடிதானே மேடம்?"

"எல்லாரும் ஒரு அடிதானேன்னுதான் வர்றாங்க. ஒருத்தர் இப்படியே அடியடியா நகர்ந்து கடைசியில ரோட்டுக்கே வந்துட்டார். அவர் வீட்டுப் படியில இப்ப பஸ் நிக்குது."

ஆனாலும் வழி இருந்தது. விதித் தளர்வு கேட்டு மனுப் போடலாம். கேட்டில் அறிவிப்பு ஒட்டுவார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் குழு கூப்பிட்டு விசாரிக்கும். ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மனுவில் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக்கம்மா காகிதங்களைக் கொண்டுவந்து சரிசார் முன்னால் வைத்தாள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. சீக்கிரம், எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு."

"எந்த இடத்தில கோடு போகுது?" என்று சரிசார் கேட்டார்.

"அதெல்லாம் போட்டாச்சு. பேனா அந்தப் பக்கம் இருக்கு பாருங்க."

பார்சல் வாங்குகிறவர் மாதிரி மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மனுவைக் கொடுக்கப் போகவும் ஆள் இல்லை. ஒருத்திக்கு வகுப்பு, ஒருத்திக்கு ஒரு மாட்டின் பிரசவம், தம்பிக்குத் தூக்கம். "நீங்க போய்க் குடுத்துட்டு வந்துடுங்க" என்றார்கள். சரி என்றார்.

நகராட்சியில் மனுக் கொடுக்கும் ஜன்னலில் கூட்டம் நெரிந்தது. முழங்கையால் இடித்து, இடிபட்டு, ஒரு வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினார். வெளியே வந்தவர் மூச்சு வாங்கப் பக்கத்து ஜன்னலில் சாய்ந்தார். அந்த ஜன்னலில் ஈ காக்கை இல்லை. உள்ளே ஒரு குமாஸ்தா குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்கியிருந்தார். மேலே பலகையில் "ஆட்சேபணைகள்" என்று எழுதியிருந்தது.

"இங்க என்ன சார் செய்வாங்க?" என்று கேட்டார் சரிசார்.

"ஏதாவது மனுவுல உங்களுக்கு உடன்பாடு இல்லைன்னா சொல்லலாம். எழுதி, முத்திரை குத்திக் குடுப்போம்."

"யார் வேணும்னாலும் சொல்லலாமா?"

"எந்த ஒரு நபரும்னு விதியில போட்டிருக்கு. நீங்க நபர்தானே?"

சரிசார் கொஞ்சம் யோசித்தார். அப்படி அவரை யாரும் கேட்டதில்லை. "ஆமா" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது. "அப்ப எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு."

குமாஸ்தா குறுக்கெழுத்தை மடித்து வைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாடிக்கையாளர் வந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. மனு எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். "காரணம்?"

"பிடிக்கலை."

"பிடிக்கலைங்கிறதெல்லாம் காரணம் ஆகாது சார். காத்து, வெளிச்சம், தண்ணி வடியறது, போக்குவரத்து, சத்தம், மரம். இதுல எது?"

"காத்து."

"காத்துக்கு என்ன?"

"வராது."

"காற்றோட்டம் பாதிக்கப்படும்" என்று குமாஸ்தா அழகான கையெழுத்தில் எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி, டம் என்று குத்தினார். அந்தச் சத்தம் சரிசாரின் உச்சந்தலை வரை இனித்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒன்றை மறுத்திருக்கிறார். அதை ஒரு அரசாங்க அலுவலகம் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது! வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டார். தெருவில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுத் தெரு திரும்பும் முனையில்தான் பிரேக்கம்மாவின் ஞாபகம் வந்தது.

நகராட்சியிலிருந்து செய்தி வர அதிக நாள் ஆகவில்லை. நகரமைப்பு அதிகாரி பிரேக்கம்மாவைப் போனில் கூப்பிட்டாள். ஒரே ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறது, விசாரணைக்கு எல்லோரும் வர வேண்டும், ஆட்சேபணைக்காரரும் நேரில் வருவார்.

"யாரு மேடம் அது?"

"கூட்டத்திலதான் சொல்லுவோம். முன்னாலேயே சொன்னா அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு யார் பொறுப்பு?"

பிரேக்கம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேராக வலது பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவள் அந்த வாசலை மிதித்தே வெகுகாலம் ஆகியிருந்தது. "டாக்டரம்மா! எவனோ நமக்குக் குழி பறிக்கிறான்!"

அந்த "நமக்கு" என்ற சொல்லைக் கேட்டு டாக்டரம்மா கையிலிருந்த மருந்துப் புட்டியைக் கீழே வைத்தாள். "யாருக்கா? சொல்லுங்க, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

மறுநாள் இருவரும் டிரைவிங் ஸ்கூல் காரில் கிளம்பினார்கள். "நீங்களும் வாங்க. ஒரு ஆம்பிளை கூட இருந்தா நல்லது" என்று சரிசாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். தன்னைத்தானே தேடும் படையில் அவரும் ஒருவராகப் போனார்.

முதலில் எதிர்வீட்டு ரயில் ஓட்டுநர். ஓய்வு பெற்றவர், மீசைக்காரர். பிரேக்கம்மா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "எங்க இடத்தைப் பிரிக்கக்கூடாதுன்னு நீங்களா எழுதிப் போட்டீங்க?"

"நானா? நான் எதுக்கும்மா போடப்போறேன்? ரெண்டு கேட் வந்தா எனக்கு நிம்மதி. இப்ப ஒரே கேட்டுல நீங்க ரெண்டு பேரும் போடற சண்டையில டிவி சத்தமே கேட்கலை." அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஆனா ஒண்ணு. இந்த மாதிரி ஒளிஞ்சிருந்து எழுதிப் போடறவன் முதுகெலும்பு இல்லாத ஆளாத்தான் இருப்பான். என்ன சார் சொல்றீங்க?"

"சரிதான்" என்றார் சரிசார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அடுத்தது மூலை வீட்டுத் தையல்காரம்மா. "நகராட்சி", "இடம்", "அனுமதி" என்று டாக்டரம்மா மூன்று வார்த்தை சொல்வதற்குள் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினாள்.

"மாடியில ஒரே ஒரு ரூம்தாம்மா! அதுவும் தகரக் கூரை. குடியிருக்கிற தெருவுல மிஷின் ஓட்டக்கூடாதுன்னா நாங்க எங்க போறது? சத்தம் வெளிய வராம இருக்கத்தான் மாடியில போட்டேன். அதுக்கு பர்மிஷன் வாங்கலைதான். உங்களை யாரு அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைம்மா, நாங்க வேற..."

"ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஜாக்கெட் தைச்சுத் தர்றேன். மேல போய்ப் பார்க்காதீங்க."

காரில் திரும்பி ஏறியதும் டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டாள். பிரேக்கம்மாவும் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினாள். "அக்கா, நம்ம தெருவுல ஒருத்தர்கூட ஒழுங்கா பர்மிஷன் வாங்கினவங்க இல்லை போலிருக்கே!" "நீ வாத்து வளர்க்கிறதுக்கு வாங்கியிருக்கியா?" "நீங்க மூணு கார் நிறுத்தறதுக்கு?" மறுபடியும் சிரிப்பு. பின்சீட்டில் சரிசாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் முன்சீட்டில் பிரேக்கம்மாவின் குரல்: "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!" வந்த வார்த்தையை மென்று முழுங்கினார்.

தாங்க முடியாமல் ஒரு காலையில் பேக்கரிக்குப் போய்த் தம்பியிடம் உடைத்துவிட்டார். தம்பி மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றார். "நீயா? அண்ணே, நீயா? உனக்கு ஆட்சேபணை எல்லாம் வருமா?"

"வந்துடுச்சுடா. அந்த ஜன்னல்ல கூட்டமே இல்லை."

தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்து, மாவெல்லாம் மூக்கில் அப்பிக்கொண்டார். சரிசார் நெருங்கி நின்று கேட்டார், "நீ என் பக்கம் வருவேதானே? உனக்கும் பிரியறதுக்கு மனசில்லைதானே?"

தம்பியின் சிரிப்பு நின்றது. "இல்லைண்ணே. எனக்குத் தனி கேட் வேணும். ரொட்டி வண்டியை எடுக்கணும்னா தினமும் இருட்டுல மூணு காரைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கு. எத்தனை வருஷம் தள்ளியிருப்பேன்? வீடு பிரிஞ்சா நாம பிரிஞ்சுடுவோமா? நடுவுல ஒரு சுவர். கூப்பிட்டா கேட்கப்போகுது."

சரிசார் ஒரு பன்னை வாங்கித் தின்றுகொண்டே யோசித்தார். தம்பி சொன்னதில் தப்பே இல்லை. யோசித்துப் பார்த்தால், பிரிவது அவருக்கும் அப்படியொன்றும் வருத்தமில்லை. அப்படியானால் எதற்காக அந்த ஜன்னலில் போய் நின்றோம்? அதுதான் பிடிபடவில்லை. ஆட்சேபணையைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று நகராட்சி வரை போனார். குறுக்கெழுத்துக் குமாஸ்தா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சார், உங்களோடதுதான் இந்த மாசம் வந்த ஒரே ஆட்சேபணை. கட்டாயம் கூட்டத்துக்கு வந்துடுங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மனசை நோகடிக்க சரிசாருக்குத் துணிச்சல் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

விசாரணைக் கூடம் நீளமானது. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. மேஜைக்குப் பின்னால் குழுவினர் மூன்று பேர். நடுவில் தலைவர், கடுமையான ஜலதோஷத்தோடு. பக்கத்தில் கொண்டைப் பென்சில் அதிகாரி. ஓரகத்திகள் முன்வரிசையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். தம்பி உட்கார்ந்ததுமே தூங்கிப்போனார். பிரேக்கம்மா உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கண்ணாலேயே சோதனை போட்டாள்.

"மனையை உட்பிரிவு செய்ய விதித் தளர்வு. ஆட்சேபணை ஒன்று" என்று அதிகாரி படித்துவிட்டு, ஆட்சேபணைக்காரரின் பெயரை வாசித்தாள்.

டாக்டரம்மா குனிந்து ரகசியமாகக் கேட்டாள். "யாருக்கா அது? அப்படி ஒருத்தர் நம்ம தெருவுல இருக்காரா என்ன?"

பிரேக்கம்மாவின் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த பெயர் அது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, தலையைத் திருப்பினாள். கடைசி வரிசையில் சரிசார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் ஆட்சேபணை செஞ்சவரா?" என்று தலைவர் கேட்டார்.

"ஆமாங்க."

தலைவர் கோப்பைப் புரட்டினார். "மனுவுலயும் இதே பேர் இருக்கே. மனுப் போட்டதும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"அது எப்படி சார்?"

சரிசார் தொண்டையைக் கனைத்தார். "கையெழுத்துப் போட்டது இடத்துக்குச் சொந்தக்காரர். ஆட்சேபணை சொன்னது... நான்."

மேஜைக்குப் பின்னால் ஒரே கசமுசா. ஒரு உறுப்பினர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "எந்த ஒரு நபரும்னுதான் இருக்கு. மனுதாரர் நீங்கலாகன்னு எங்கேயும் இல்லை." இன்னொருவர், "இதுவரைக்கும் தேவைப்படலை, அதான் போடலை" என்றார். அதிகாரி பென்சிலை உருவி ஏதோ குறித்துக்கொண்டாள். தலைவர் ஒரு பெரிய தும்மலைப் போட்டுவிட்டு, "காத்து பாதிக்கப்படும்னு எழுதியிருக்கீங்க. எந்தக் காத்து?" என்றார்.

"கொஞ்சம் குறையும். பெரிசா ஒண்ணுமில்லை. ஜன்னல்ல காரணம் கேட்டாங்க, காத்துன்னு சொன்னேன்."

"அப்ப உண்மையான காரணம் என்ன?"

தம்பியின் குறட்டை மட்டும் கேட்டது. சரிசார் தன் கைகளைப் பார்த்தார், மேலே ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"யாரும் என்னைக் கேட்கலைங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சரின்னு சொல்லியிருப்பேன்."

முதலில் சிரித்தது கொண்டைப் பென்சில் அதிகாரிதான். அப்புறம் கூடமே சிரித்தது. தலைவர் சிரித்து, இருமி, வெந்நீர் குடித்து, ஒரு வழியாகத் தீர்ப்புச் சொன்னார். இந்தக் காரணம் விதிப்படி செல்லாது. அதே சமயம் சொந்தக்காரர்களுக்குள்ளேயே கோடு எங்கே என்று பேசி முடிக்காத மனுவுக்குத் தளர்வு கொடுக்கவும் முடியாது. நில அளவையரைக் கூட்டிக்கொண்டு போய், நாலு பேரும் ஒன்றாக நின்று, கோட்டை முடிவுசெய்துகொண்டு வரட்டும்.

கார் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்ததும் டாக்டரம்மாவும் தம்பியும் நழுவிவிட்டார்கள். பிரேக்கம்மா இன்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை.

"தெருத்தெருவா அலைஞ்சேனே, அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"சொல்லலாம்னுதான்..."

"இன்னும் என்னென்ன பிடிக்கலை? எல்லாத்தையும் சொல்லிடுங்க. இன்னைக்கே கேட்டுக்கறேன்."

அவர் தயங்கினார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார். விடிந்ததும் நடைப்பயிற்சிக்குப் போவது பிடிக்கவில்லை. தான் கார் ஓட்டும்போது அவள் பக்கத்திலிருந்து கியர் சொல்லிக் கொடுப்பது பிடிக்கவில்லை. அவள் தம்பி ஊரிலிருந்து வந்தால் போகிற தேதியைச் சொல்லாமல் தங்குவது பிடிக்கவில்லை. இந்த இடத்தில் அவளுடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. அவரும் பார்த்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. "அப்புறம் அந்தக் கூடத்துப் பச்சைத் திரை. அதைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வருது."

"பச்சைத் திரையா?" அவள் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கும்தான் அது பிடிக்காது! கடையில எடுத்துக் காட்டி இது எப்படின்னு கேட்டேன். சரின்னீங்க. உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கும்னு வாங்கினேன். இத்தனை வருஷமா உங்களுக்காக அந்தக் கண்றாவியைத் துவைச்சுத் துவைச்சு மாட்டிக்கிட்டிருக்கேன்!"

அப்புறம் அவள் இறங்கிப்போய்த் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கோபம் தீர அதை உதறினாள். வாத்து அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது, யாரும் விரட்டவில்லை.

நில அளவையர் டேப்பும் சுண்ணாம்புத் தூளுமாக வந்த அன்று சரிசார் கடையைத் திறக்கவேயில்லை. "எங்க போடலாம் மாமா? நீங்களே சொல்லுங்க" என்று டாக்டரம்மா கேட்டாள். கேட்டதுதான் தாமதம். அவர் இங்கே வேண்டாம் என்றார். அங்கே வேண்டாம் என்றார். அளவையர் போட்ட கோட்டை இரண்டு தடவை அழிக்கச் சொன்னார். அவருக்கே அலுக்கிற வரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். "சார், சுண்ணாம்பு தீரப்போகுது" என்று அளவையர் கெஞ்சிய பிறகுதான் வழிக்கு வந்தார்.

முன்பக்கம் சுவர் வரட்டும். இரண்டு கேட், இரண்டு பாதை. கார் ஒன்றில், ரொட்டி வண்டி ஒன்றில். பின்பக்கம் மட்டும் சுவர் வேண்டாம். கம்பி வலை போதும், நடுவில் ஒரு சின்னக் கதவு. மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்தால் அவர் பின்கட்டுப் படியில் உட்காருவார். சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது?

"கதவு வச்சா அது வழியா வாத்து வரும்" என்றாள் பிரேக்கம்மா.

"வரட்டும்."

"எனக்கு அதுல ஆட்சேபணை இருக்கு."

"ஜன்னல் காலை பத்து மணிக்குத் திறக்கறாங்க. கூட்டமே இருக்காது."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிரேக்கம்மா கணவரை மேலும் கீழும் பார்த்தாள், யாரோ புதிய ஆள் வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி. "கதவுக்குத் தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கணும்" என்றாள். அதற்குச் சரிசார் ஒத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. குறைகிற ஒரு அடியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். குமாஸ்தாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

கடைசியாக ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. புதிய கதவு எண்ணை வாங்கிவர சரிசார் நகராட்சிக்குப் போனார்.

"பழைய எண் பதினாலு. ஒரு வீட்டுக்கு அதுவே இருக்கும். இன்னொண்ணுக்குப் பதினாலு ஏ. எந்த வீட்டுக்கு எது?" என்று ஜன்னலில் கேட்டார்கள்.

நேற்று இரண்டு வீட்டிலும் இதுதான் பேச்சு. "ஏ-ன்னா என்னவோ ஒட்டுத்திண்ணைக் குடும்பம் மாதிரி இருக்கு, நமக்கு வேண்டாம்" என்று பிரேக்கம்மா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அதே தீர்மானம் டாக்டரம்மா வீட்டிலும் ஆகியிருந்தது.

"வீட்டுல கேட்டுச் சொல்றதுன்னா சொல்லுங்க சார். பன்னெண்டு மணிக்கு ஜன்னலை மூடிடுவோம்."

சரிசார் போனை எடுத்தார். மனைவியின் எண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "ஏ எங்களுக்குப் போடுங்க. பேக்கரி வீட்டுக்குப் பழசே இருக்கட்டும். அவன் கடை லைசென்ஸ்ல எல்லாம் வீட்டு விலாசமா அந்த நம்பர்தான் எழுதியிருக்கு."

"நிச்சயமா? அப்புறம் மாத்த முடியாது."

"போடுங்க."

கையில் புது எண் பலகையோடு வெளியே வந்தவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தம்பியின் பேக்கரிக்குள் நுழைந்தார்.

"ஒரு கேக் குடுடா."

"என்ன விசேஷம்ண்ணே?"

"ஒண்ணுமில்லை. உங்க அண்ணிக்கு."

தம்பி அவர் கக்கத்தில் இருந்த பலகையை எட்டிப் பார்த்தார். எழுத்தைப் படித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். "எவ்வளவு பெரிசா வேணும்?"

சரிசார் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருக்கறதுலயே பெரிசு."